அண்ணாச்சியின் கில்ட்

ஜெர்மனியில், பான் நகரத்தில் நான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தில் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஏணியின் ஐந்தாவது படியில் நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் மாடி நடைவழியில் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று காலையிலிருந்து விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கையில் காபியும் மறு கையில் மடிக்கணினியுமாக நான் அந்தப் பக்கம் வந்தேன். கனத்த இரண்டு பூட்ஸ், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை சாம்பல் நிறக் காலுறை, அதற்கு மேலே காக்கி நிறத்தில் குடைபோல விரிந்து நின்ற ஒரு துணி. என் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் அறைக்குப் போவதென்றால் ஏணியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். தயங்கி நின்றேன்.

மேலேயிருந்து தமிழ் வந்தது.

"பயப்படாமல் வாங்கோ தங்கச்சி. உள்ளுக்கு அரைக்காற்சட்டை போட்டிருக்கிறன்."

என் அறைக் கதவில் பெயர்ப் பலகையை மாட்டியவர் அவர்தான். பெயரைப் பார்த்தே தமிழ்ப்பிள்ளை என்று கண்டுபிடித்திருந்தார். அந்தக் கட்டடத்தின் விளக்கு, குழாய், கதவு, சூடேற்றி எல்லாம் அவர் பொறுப்பு, ஹவுஸ்மைஸ்டர் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வயதில் அகதியாக வந்து சேர்ந்தவருக்கு நான் பார்க்கும்போது ஐம்பத்தெட்டு வயது. நான் திருநெல்வேலிக்காரி என்பதால் வாயில் தானாக 'அண்ணாச்சி' வந்துவிட்டது. தன்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை என்றார். பிடித்திருப்பதாகவும் சொன்னார். கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது.

அவர் கீழே இறங்கியதும் முழு உடுப்பையும் பார்த்தேன். கூடாரத்துணிபோலத் தடித்த துணி. முன்பக்கம் தட்டையாக, பின்பக்கம் முழுக்க அகலமான மடிப்புகள். இடுப்பின் பக்கவாட்டில் அழுத்துப் பொத்தான்கள். இரண்டு தொடையிலும் மூடி வைத்த பெரிய பைகள், வலது பக்கம் சுத்தியல் தொங்கவிட ஒரு வளையம்.

நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "என்ன அண்ணாச்சி இது, பாவாடையா?"

வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து தன்னைத்தானே ஒருமுறை பார்த்தார்.

"வித்தவன் ஸ்கொட்லாந்து ஆம்பிளையள் உடுக்கிற கில்ட் எண்டுதான் வித்தவன். ஆனா நீங்கள் கேக்கிறதைத்தான் நானும் கொஞ்ச நாளாய் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். உங்களுக்கு என்னெண்டு படுது?"

குத்தலாகச் சொல்கிறார் என்றே நினைத்தேன். உண்மையாகவே என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார் என்பது புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மறுவாரம் அதே நடைவழியில் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, அண்டைக்கு நான் கேட்டதுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?"

அவரைக் கேலி செய்ய முடியாது. எத்தனையோ பேர் செய்து பார்த்தார்கள். அவர் காதில் விழும்போதே கேலி கேள்வியாகிவிடும். கேட்டவர் தான் கேலி செய்ய வந்ததையே மறந்து பதில் தேடிக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை தமிழ்க்கடை வாசலில் நானே பார்த்தேன். அரிசி மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் இவரைக் கண்டதும் பக்கத்தில் நின்றவருக்குக் கேட்கும்படி, "என்ன அண்ணை, அக்காவின்ரையை மாறிப் போட்டுக்கொண்டு வந்திட்டியளோ?" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சீ, அவவின்ரை எனக்கு அளவு காணாது," என்றார் இவர், மிகவும் சாதாரணமாக. "அது கிடக்கட்டும். ஒண்டு சொல்லுங்கோ. சாரத்தையும் சுத்திவர மூட்டித்தானே உடுக்கிறம். பாவாடையும் மூட்டித்தானே கிடக்கு. நீங்கள் எதை வைச்சு ரண்டையும் பிரிக்கிறியள்?"

சாரம் என்றால் கைலி. எங்கள் பக்கமும் அந்தச் சொல்தான் என்பதால் நானும் நின்று கேட்டேன். அரிசி மூட்டைக்காரர் கொஞ்சம் யோசித்து, நாடா இருந்தால் பாவாடை என்றார். "அப்ப பைஜாமா?" என்றார் இவர். இரண்டாமவர், மடிப்பு இருந்தால் பாவாடை என்றார். "அப்ப கொசுவம் வைச்சுக் கட்டுற வேட்டி?" கடைக்காரரும் வெளியே வந்தார். கால்மணி நேரம் கழித்து நான் புளியும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பியபோதும் பேச்சு முடியவில்லை. காரின் பின்கதவு திறந்தபடி கிடந்தது, மூட்டை பாதி உள்ளே பாதி வெளியே.

ஏன் இதை உடுத்துகிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார். கொதிகலன் அறை வெக்கை என்பார். குனிந்து நிமிர வசதி என்பார். என்னிடம் பைகளைத்தான் காட்டினார். ஒன்றில் திருப்புளியும் கறுப்பு நாடாவும், இன்னொன்றில் அளவு நாடா, சிறிய டார்ச், இஞ்சி மிட்டாய். "காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை உவ்வளவும் போட்டா நடக்க ஏலாது தங்கச்சி. இதுக்குள்ளை போட்டா அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டு வரும்." காக்கி, கறுப்பு, கரும்பச்சை என்று மூன்று வைத்திருந்தார். கரும்பச்சை விசேஷங்களுக்கு.

இப்படி ஒரு வருடம் போயிற்று. பிறகு ஒரு புகார் வந்தது.

கருத்தரங்குக்கு வந்துபோன யாரோ ஒருவர், பாவாடை கட்டிய ஆண் ஒருவர் தலைக்கு மேலே ஏணியில் நின்று வேலை செய்வது தகுந்ததா என்று நிர்வாகத்துக்கு எழுதிவிட்டுப் போயிருந்தார். பணிப் பாதுகாப்பு அதிகாரியான அம்மையார் விதிப் புத்தகத்தைப் பிரித்திருக்கிறார். ஏணியிலும் இயந்திர அறையிலும் பாவாடை, அதாவது ஜெர்மனில் 'ரொக்', உடுத்தக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அடுத்த மாதம் முதல் நீளக் காற்சட்டை; அதற்கு முன் பேசித் தீர்க்க ஒரு டெர்மின், அதாவது சந்திப்பு, என்று அவருக்குக் கடிதம் வந்தது. மறுத்தால் எச்சரிக்கைக் கடிதம். அப்படி இரண்டு கடிதம் வாங்கினால் வேலையே போகலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தொன்பது வயதில் வெளியே போனால் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

பணியாளர் மன்றத்தில் என்னையும் ஓர் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தச் சந்திப்பில் அவர் பக்கம் உட்காரும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நிலவறையில் இருந்த அவருடைய பட்டறைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, ஈஸியா முடிச்சிரலாம். ரூல்ல ஸ்கர்ட்னுதான் இருக்கு. கில்ட்னு ஒரு வார்த்தை இல்ல. இது கில்ட்னு நாம ப்ரூவ் பண்ணிட்டா போதும்."

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அது கில்ட் தானோ எண்டு முதல் பாக்க வேண்டாமோ தங்கச்சி?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் வழி ஒன்று தெரிந்தது. எங்கள் நிறுவனத்துக்கு ஆறு மாத விருந்தினராக ஸ்காட்லாந்திலிருந்து மண்ணியல் ஆய்வாளர் ஒருவர் வந்திருந்தார். குட்டையான, மெல்லிய குரல்கொண்ட மனிதர். கில்ட்டின் சொந்த நாட்டுக்காரர் இது கில்ட்தான் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் யார் மறுக்க முடியும்? உணவகத்தில் அவரைப் பிடித்து, அண்ணாச்சியையும் வரச் சொல்லி, விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாச்சியை இடுப்பிலிருந்து முழங்கால் வரை பார்த்தார்.

"மன்னிக்க வேண்டும்," என்றார். "இது கில்ட் இல்லை. கில்ட் என்றால் கம்பளித்துணி, கட்டம் போட்டது. ஆளுக்கு அளவெடுத்துக் கையால் தைப்பது. என் கல்யாணத்துக்கு உடுத்தினேன், அப்பாவின் அடக்கத்துக்கு உடுத்தினேன். இது கூடாரத்துணி. பித்தளைப் பொத்தான். அதிலும் பை! கில்ட்டில் பை கிடையாது, அதனால்தான் நாங்கள் முன்னால் ஒரு தோல்பையைத் தொங்கவிடுகிறோம். இது நல்ல பாவாடை. தாராளமாக உடுத்துங்கள். ஆனால் கில்ட் என்று சொல்லாதீர்கள்."

என் சாட்சி என் கண்முன்னாலேயே எதிர்ப்பக்கம் போய்விட்டார். அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பார்த்தால், அவர் பையிலிருந்து ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

மடிப்பு ஏன் பின்பக்கம் மட்டும்? எத்தனை கெஜம் துணி? எந்தப் பக்கம் திறக்க வேண்டும்? இவர் கேட்கக் கேட்க அந்த மனிதரின் குரலில் சூடு குறைந்தது. வேறு யாரும் அவரிடம் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார்கள். விருந்துகளில் உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று மட்டுமே கேட்டிருப்பார்கள். தன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் கில்ட் என்பது தைத்ததே இல்லை, நீளமான ஒரு போர்வையைச் சுற்றி வாரால் இறுக்குவதுதான் என்றார். அதில் பாதியை வெட்டி, மடிப்பைத் தைத்து வைத்தபோது பழைய ஆட்கள் சிரித்திருப்பார்கள்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார். கடைசியில் உணவகத்தில் எல்லோரும் பார்க்க மண்டியிட்டு, அண்ணாச்சியின் பின்பக்க மடிப்புகளை விரலால் பிரித்துப் பார்த்தார்.

"மடிப்பு ஒழுங்காகத்தான் தைத்திருக்கிறார்கள்," என்றார், மனமில்லாமல்.

எழுதித் தருவீர்களா என்று நான் கேட்டேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பட்டறையில் என் தம்பியின் கல்யாணக் கதையை அண்ணாச்சிக்குச் சொன்னேன். தாலி கட்டும்போது அவன் உடுத்தியிருந்தது ஒட்டு வேட்டி. இடுப்பில் வெல்குரோ, உள்ளே கைப்பேசிக்கு ஒரு பை. பெரியப்பா ஒருவர் மட்டும், "என்னல இது, வேட்டியா டவுசரா?" என்று சத்தம் போட்டார்.

"பிறகு?"

"பிறகென்ன, வேட்டின்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஃபோட்டோல பாத்தா வித்தியாசமே தெரியாது."

அவர் இஞ்சி மிட்டாய் ஒன்றை உரித்து எனக்குத் தந்தார். "உங்கடை தம்பி பிழையில்லை. அந்தப் பெரியப்பாவும் பிழையில்லை. ஒரு உடுப்புக்கு ரண்டு பெயர் இருக்கலாம் போலை கிடக்கு."

"மீட்டிங்ல ரெண்டு பெயர் சொல்ல முடியாது அண்ணாச்சி. ஒண்ணுதான் சொல்லணும்."

"ஓம்," என்றார். "அதுதான் கரைச்சல்."

சந்திப்புக்கு முந்தின நாள் அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்ப்பவர். வேலை உடுப்போடு டிராம் நிறுத்தத்தில் நின்றார். கையில் ஒரு பழுப்பு உறை.

"தங்கச்சி, இதை நாளைக்குக் கொண்டுபோங்கோ. அவருக்குச் சொல்லாதேங்கோ."

உள்ளே தோல் மருத்துவர் எழுதிய அட்டெஸ்ட், மருத்துவச் சான்று. எனக்கு அதுவரை தெரியாத கதை அதில் இருந்தது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே நீராவிக் குழாய் ஒன்று வெடித்து, இடது தொடையிலிருந்து முழங்கால் வரை வெந்துவிட்டது. வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறியது, ஆனால் காற்சட்டையின் தையல் பட்டால் அந்தத் தோல் தாங்காது.

"ஒன்பது வருசம் தங்கச்சி. பின்னேரம் வேலையாலை வந்து காற்சட்டையைக் கழட்டேக்கை பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பார். மருந்தைப் பூசிச் சாரத்தைக் கட்டினாப் பிறகுதான் கதைப்பார். இந்த உடுப்பு வந்தாப் பிறகு அது ஒண்டும் இல்லை." உறையை என் கையில் அழுத்தினார். "இந்தக் கடிதத்தைக் காட்டினா ஒரு நிமிசத்திலை முடிஞ்சுபோம். காட்டமாட்டன் எண்டு நிக்கிறார். அவரின்ரை வேலை போனா எங்களுக்கு ஏலாது. மகளும் இப்பதான் படிச்சு முடிக்கப்போறாள்."

நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சந்திப்பு நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. பாதுகாப்பு அதிகாரி அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய தலைமுடி, மேசையில் கோணாமல் அடுக்கிய தாள்கள். உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, விதி இப்படி இருக்கிறது என்று ஆரம்பித்தார். நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். உங்கள் விதி ரொக்கைத் தடுக்கிறது, இவர் உடுத்தியிருப்பது கில்ட், ஆகவே விதி இவருக்குப் பொருந்தாது.

அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "கில்ட்டுக்கு ஜெர்மனில் என்ன பெயர்?" என்றார்.

ஷொட்டன்ரொக். ஸ்காட்லாந்துக்காரரின் ரொக். அந்தச் சொல்லுக்குள்ளேயே பாவாடை உட்கார்ந்திருந்தது. அத்தனை நாள் வாதம் தயாரித்த எனக்கு அது தோன்றவே இல்லை. திரும்பினால், அண்ணாச்சி யாரோ கையில் இனிப்பு வைத்ததுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். "இதை நாங்கள் யோசிக்கேல்லை, என்ன?" என்று தமிழில் முணுமுணுத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம்தான் கண்ணில் தெரிந்தது. பையைத் திறந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அம்மையார் படித்தார். முகம் மாறியது. "இதை முதலிலேயே தந்திருக்கலாமே. மருத்துவ விலக்கு. இன்றைக்கே எழுதிவிடலாம், விஷயம் முடிந்தது."

அண்ணாச்சி உறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கையை நீட்டிச் சான்றை எடுத்தார். நான்காக மடித்துத் தொடைப் பைக்குள் வைத்து, பொத்தானை அழுத்தி மூடினார். பொத்தான் 'டக்' என்றது.

பிறகு ஜெர்மனில், சொல் சொல்லாகப் பேசினார்.

"இது என் காலுக்கு எழுதிய கடிதம். என் உடுப்புக்கு எழுதியது இல்லை. இதைக் காட்டி நான் விலக்குக் கேட்டால், நான் உடுத்தியிருப்பது உடுப்பு இல்லை, காயத்துக்குப் போட்ட கட்டு என்று ஆகிவிடும். நான் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வரவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, அதனால் உடுத்துகிறேன்."

"அப்படியானால் படிவத்தில் நான் என்ன எழுதட்டும்? கில்ட்டா, ரொக்கா?"

"ரொக் என்று எழுதுங்கள்."

"அண்ணாச்சி! என்ன பண்றீங்க?" என்றேன் தமிழில்.

"பொறுங்கோ தங்கச்சி." மறுபடியும் அம்மையாரிடம் திரும்பினார். "எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ரொக் ஏணியில் என்ன செய்கிறது? நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள்?"

விதி இருக்கிறது என்று அம்மையார் இன்னொருமுறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பேனாவை மேசையில் வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்கினார். அந்த வரியை எழுதியவர் அவர் இல்லை. அவருக்கு முன்னால் இருந்த யாரோ. எதற்காக என்று அவரும் யாரிடமும் கேட்டதில்லை போலிருந்தது.

"நீளமாக இருந்தால் கால் தடுக்கும்," என்றார் மெதுவாக. "அகலமாக இருந்தால் எதிலாவது மாட்டும். பிறகு... கீழே நிற்பவர்களுக்குச் சங்கடம்."

"மூன்றும் நியாயம்," என்றார் அண்ணாச்சி. "பார்ப்போமா?"

தன் பையிலிருந்தே அளவு நாடாவை எடுத்துக் கொடுத்தார். நடைவழிக்கு ஏணி வந்தது. அம்மையார் அவரை ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார், மேல்படியில் நின்று பக்கவாட்டில் சாயச் சொன்னார். முழங்காலிலிருந்து விளிம்பு வரை அளந்து குறித்தார். மடிப்பு இடுப்புவரை தைத்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அலுவலகக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை இறங்கும்போது சுத்தியல் வளையம் ஏணியின் கொக்கியில் மாட்டி அண்ணாச்சி ஒரு கணம் தள்ளாடினார்.

"இதோ!" என்றார் அம்மையார், பிடித்துவிட்ட குரலில்.

"சரியாய்ச் சொன்னீர்கள்," என்றார் அண்ணாச்சி, அதே உற்சாகத்தோடு. "இதை நான் கவனிக்கவே இல்லை." பையிலிருந்த கத்தியால் வளையத்தை அங்கேயே அறுத்து எடுத்தார்.

அறைக்குத் திரும்பும்போது, அம்மையார் எழுத உட்காரும் முன், அவர் இன்னொன்று சொன்னார். "ஆவணக் காப்பகத்தில் ஒரு அம்மா இருக்கிறார். இருபது வருடமாக ரொக் உடுத்திக்கொண்டுதான் ஏணியில் ஏறுகிறார். ஒருநாளும் விழுந்ததில்லை. எனக்கு என்ன எழுதுகிறீர்களோ அது அவருக்கும் சேர்ந்ததாக இருக்க வேண்டும்."

இரண்டு வாரத்தில் புதிய விதி வந்தது. ரொக், கில்ட், காற்சட்டை என்ற சொல் எதுவும் அதில் இல்லை. அடிப்பக்கம் திறந்த உடுப்பு எதுவானாலும் ஏணியில் முழங்காலைத் தாண்டக்கூடாது, உள்ளே அரைக்காற்சட்டை வேண்டும், தொங்கும் வளையம் இருக்கக்கூடாது. யார் உடுத்தினாலும் இதே விதி.

ஆனால் அன்றைய தினம் அது எதுவும் நிச்சயமில்லை. இரண்டு பேரும் படியில் இறங்கினோம். முதல் மாடிக்கு வந்ததும், "கோவமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அந்தக் கடிதம், என்ரை மனுசி தந்தவவோ?"

"ஆமா."

"அவ பயந்திட்டா. நீங்களும் பயந்திட்டியள். பயந்த ஆக்களோடை கோவிக்க ஏலாது தங்கச்சி." இரண்டு படி இறங்கி நின்றார். "இந்த உடுப்பை வாங்கின முதல்நாள் போட்டுக்கொண்டு ரைன் கரையிலை நடந்துபோனன். ஒன்பது வருசத்துக்குப் பிறகு அந்தக் காலிலை காத்துப் பட்டது. அப்பிடியே நிண்டிட்டன். ஆக்கள் விலத்திக்கொண்டு போகினம், நான் நிக்கிறன். அதை ஒரு டொக்டர் அட்டெஸ்டிலை எழுத ஏலுமோ, சொல்லுங்கோ?"

"அப்ப கில்ட்னு நீங்க நம்பவே இல்லையா? ரொக்னு எழுதச் சொல்லிட்டீங்களே," என்றேன்.

"எனக்கு அது கில்ட்தான். அந்த ஸ்கொட்லாந்துக்காரருக்கு இல்லை. அவரின்ரை வீட்டுச் செத்தவீட்டுக்கு நான் இதைப் போட்டுக்கொண்டு போகமாட்டன், அது சரியில்லை. ஆனா ரொக் எண்டு எழுதினா எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? அந்தக் காப்பகத்து அம்மா ஒவ்வொரு நாளும் ரொக்கோடைதான் வாறா. அவவுக்கு என்ன குறை?"

சந்திப்பில் அண்ணாச்சி பேசியது எப்படியோ ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டது. மறுவாரம் அந்த அம்மா ஆப்பிள் கேக் ஒன்றைத் தட்டில் வைத்து நிலவறைக்கு இறங்கி வந்தார். இருபது வருடத்தில் அவர் பட்டறைக்குள் வருவது அதுதான் முதல்முறை. பிறகு அடிக்கடி வந்தார். நான் போகும் நேரங்களில் இரண்டு பேரும் கேக் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு துணியைப் பற்றித் தீவிரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். மழையில் நனைந்தால் எது சீக்கிரம் காயும், சைக்கிளில் ஏறும்போது எப்படிப் பிடிப்பது. அம்மா சொல்லச் சொல்ல இவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

அடுத்த வசந்தத்தில் எனக்கு மியூனிக் பக்கத்தில் உள்ள கார்ஹிங்கில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஹம்பேர்க்கிலிருந்து அக்காவின், அதாவது அண்ணாச்சி மனைவியின், தம்பிமார் இரண்டு பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இடியப்பம், சொதி, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல். மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

அண்ணாச்சி கடைசியாக வந்தார். வெள்ளைச் சட்டை, கரும்பச்சைக் கில்ட். அத்தானை அந்த உடுப்பில் அதுவரை பார்த்திராத மூத்த தம்பியார் புருவத்தைத் தூக்கித் தம்பியைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்துவிட்டார்.

அண்ணாச்சி நாற்காலிக்கு முன்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் கொண்டுபோய், இடுப்பிலிருந்து கீழ்நோக்கி மடிப்புகளை ஒரே தடவலில் நீவிவிட்டு உட்கார்ந்தார்.

பெண்கள் எல்லோரும் செய்வது அது. பள்ளிக்கூட பெஞ்சில், பேருந்து இருக்கையில், பந்தியில். நான் செய்வேன், ஊரில் என் கூடப் பிறந்த அக்கா செய்வாள், அந்த மேசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சற்றுமுன் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். யாரும் சொல்லித் தந்த ஞாபகம் இல்லை. ஓர் ஆணின் கைகள் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய, ஆணியும் கிரீஸும் பழகிய கைகள்.

சொதியை ஊற்றிக்கொண்டிருந்த அக்கா அகப்பையை அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"ஆர் பழக்கினது?"

"காப்பகத்து அம்மா. இப்பிடி இருந்தா மடிப்புக் கசங்காதாம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நல்ல மனுசி," என்றார். "ஒவ்வொரு ஞாயிறும் நானெல்லோ இருந்து இந்த மடிப்பெல்லாம் அயன் பண்ணி மினுக்கிறன். கல்யாணம் கட்டி முப்பது வருசம், எனக்கு இதை உங்களுக்குச் சொல்லித்தர வேணுமெண்டு தோன்றேல்லையே!"

மூத்த தம்பியார் சொல்ல வந்ததை விட்டுவிட்டார். இடியப்பத்தில் வைத்த கையை எடுத்துவிட்டு, அண்ணாச்சியின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்," என்றார், இப்போது வேறு குரலில். "எப்பிடிச் செய்தனியள்? இன்னொருக்காச் செய்து காட்டுங்கோ பாப்பம்."

"நல்ல கேள்வி," என்றார் அண்ணாச்சி. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, எல்லோருக்கும் தெரியும்படி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். "வடிவாய்ப் பாருங்கோ. முதல் இடுப்பிலை கையை வைக்கோணும்..."